இரட்டைக்குழலும் இரண்டு கையெழுத்தும்

போன ஏப்ரலில், அறுபத்திரண்டாவது வயதில், மனைவியைக் கேட்காமல் ஒரு காரியம் செய்வதென்று முடிவெடுத்தேன். பெரிய காரியமில்லை. ஒரு துவக்கு வாங்குவது.

நான் அன்புராசா. கனடாவில் விட்பியில் இருக்கிறேன். இருபத்தாறு வருஷம் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் நைற் ஷிவ்ற் செய்து, போன மாரியில் ஓய்வெடுத்தவன். என்னோடு வேலை செய்த இக்னேசியஸ், மகளோடு மனிற்றோபாவுக்குப் போய் ஏழு வருஷம். போனவன் அங்கே வேட்டைக்காரனாகிவிட்டான். ஒருமுறை நான் லீவில் போனபோது, விடியப்புறம் ஒரு சதுப்புக்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். நாணலுக்குள் இருந்தோம். தண்ணீர் மெல்ல வெளுத்தது. பிறகு வானத்தின் ஒரு மூலையிலிருந்து காட்டு வாத்துகள் வரத் தொடங்கின. நூறா, ஆயிரமா, தெரியாது. நான் துவக்கைத் தொடவுமில்லை, ஒன்றையும் சுடவுமில்லை. ஆனால் அந்த அரைமணித்தியாலம் எனக்குப் போதவில்லை. இன்றுவரை போதவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலமும் இக்னேசியஸ் அந்த வாத்துச் சத்தத்தை ஃபோனில் பதிந்து அனுப்புவான். நான் கராஜில் காருக்குள் இருந்து கேட்பேன். ஓடாத காருக்குள் என்ன செய்கிறேன் என்று மனைவி அன்ரனெற் கேட்டால், பற்றறி பார்க்கிறேன் என்பேன். எங்கள் காரின் பற்றறியைப்போல் கவனிக்கப்பட்ட பற்றறி கனடாவில் இல்லை.

ஏப்ரலில் இக்னேசியஸ் ஃபோன் எடுத்தான். தோளில் ஒப்பரேஷனாம். இனித் துவக்கின் உதை தாங்காதாம். தன்னுடைய இரட்டைக்குழல் எனக்குத்தான் என்றான். வான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"மச்சான், இது பழைய சோபா இல்லை," என்றான். "மாகாணம் தாண்டிக் குடுக்கலாம், அது பிரச்சினையில்லை. ஆனா உன்னட்ட லைசென்ஸ் இருக்கவேணும். உன்ர நம்பரை நான் அரசாங்கத்துக்குக் குடுத்து, அவை பாத்து ஓம் எண்டு ஒரு இலக்கம் தந்தால்தான் நான் அனுப்பலாம். அதுக்கு முதல் நீ கோர்ஸ் எடுத்துப் பாஸ் பண்ணு. ஓகஸ்டில நான் அப்பார்ட்மென்ருக்கு மாறுறன். அதுக்குள்ள முடி. இல்லாட்டி இஞ்சையே ஆருக்கும் குடுத்திடுவன்."

லைசென்ஸ் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கேள்விகளுக்கெல்லாம் நான் பயப்படவில்லை. ஓரிடத்தில் மனைவி கையெழுத்திட வேண்டும். வைக்காவிட்டால் அவவுக்கு அறிவிப்பார்களாம். இந்த நாட்டில் சட்டம் எழுதுகிறவர்களும் கலியாணம் கட்டியவர்கள்தான்.

அதே கிழமை வீட்டுக்குப் புதுக் கூரை போட்ட கடதாசிகள் வந்திருந்தன. அவற்றுக்கு நடுவில் என் படிவத்தைச் செருகினேன். அன்ரனெற் மீன் பொரித்துக்கொண்டிருந்தா. எண்ணெய் கொதிக்கிற நேரமாகப் பார்த்து நீட்டினேன். ஒரு கையில் அகப்பை, மறு கையில் பேனை. ஐந்து இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, மீனைத் திருப்பிப் போட்டா. ஏன் கூரைக்கு இவ்வளவு கையெழுத்து என்று மட்டும் கேட்டா. பெரிய கூரை என்றேன்.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை வீட்டுக்குள் வைக்க இடம் போதவில்லை. இரண்டு நாள் கழித்து அவ வீட்டு இன்சூரன்ஸ் என்று ஒரு கட்டுக் கடதாசி கொண்டுவந்து நீட்டினபோதும் அந்தப் பெருமை குறையவில்லை. வாய்க்குள் பாடிக்கொண்டே காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் ஒரு சனி ஞாயிறு கோர்ஸ். சேர்ச் மண்டபத்துக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறேன் என்று அன்ரனெற்றிடம் சொன்னேன். நல்லது என்றா. அதற்கு முந்தின இரண்டு வார இறுதியும் அவவும் வீட்டில் இல்லை. ஸ்காபரோவில் தங்கச்சி மக்டலீன் வீட்டில் பலகாரச் சூடு என்று போய்விட்டா. போனது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. இருந்து படித்தேன்.

எழுத்துச் சோதனை பாஸ். அடுத்தது செய்முறை. துவக்கைக் கையில் எடுத்து, வெறுமையா என்று பார்த்து, குழல் வாயைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தேன். எல்லாம் சரி. அந்த நேரம் பின்னால் நின்ற பரிசோதகர், வயசான மனுசன், ஏதோ கேட்டார். பெரியவர் கேட்டால் முகத்தைப் பார்த்து மறுமொழி சொல்லவேணும் என்றுதான் என்னை வளர்த்தார்கள். மரியாதையாக முழு உடம்போடும் திரும்பினேன். துவக்கும் மரியாதையாக என்னோடு திரும்பி அவருடைய நெஞ்சைப் பார்த்தது.

அவர் கோபிக்கவில்லை. புத்தகத்தை மூடினார்.

இக்னேசியஸிடம் பெயில் என்று சொல்லி, இன்னொருமுறை சோதனை எடுக்கிறேன், பொறு என்றேன். அவன் ஓகஸ்ட் என்றான். அடுத்த சோதனைக்கு இடம் கிடைத்தாலும், லைசென்ஸ் வர மாதக்கணக்கில் எடுக்கும். பிறகு அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. செப்ரெம்பரில் வாத்துகள் விட்பிக்கு மேலாலும் போகத் தொடங்கின. குப்பை வாளியைத் தள்ளிக்கொண்டு போனவன், றோட்டிலேயே நின்று கடைசி வாத்துத் தெரியுமட்டும் பார்த்தேன். அந்தத் துவக்கு இப்போது எவனுடைய கையிலோ என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கதவு தட்டினார்கள். நீளமான ஒரு பெட்டி. கையெழுத்துக்கு நான் கையை நீட்டினேன். பெட்டி கொண்டுவந்த பெண், பெயர் பொருந்தாது என்றாள். அன்ரனெற் உள்ளேயிருந்து வந்து, கைப்பையைத் திறந்து, ஒரு கார்ட்டைக் காட்டினா. அவவின் படம் போட்ட துவக்கு லைசென்ஸ்.

பெட்டிக்குள் இக்னேசியஸின் இரட்டைக்குழல்.

நான் கதிரையைத் தேடி இருந்தேன். அவ ஆறுதலாகச் சொன்னா. என் படிவத்தைக் கையெழுத்து வைக்கும்போதே வாசித்துவிட்டாவாம். வாசித்ததும் தனக்கும் ஒன்று எடுத்தாவாம். எனக்கு நீட்டின இன்சூரன்ஸ் கடதாசிகளில் இரண்டாவது அவவின் படிவம்தான். பலகாரச் சூடு என்று போன ஒரு வார இறுதி துவக்குக் கோர்ஸ், மற்றது வேட்டைக் கோர்ஸ். இரண்டும் முதல் தரத்திலேயே பாஸ். பிறகு இக்னேசியஸுக்கு எடுத்து லைசென்ஸ் நம்பரைக் கொடுத்திருக்கிறா. அவன் சட்டப்படி கேட்க, அரசாங்கமும் ஓம் என்று இலக்கம் கொடுத்துவிட்டது. அவனும் வாயைத் திறக்கவில்லை.

"நான் தொடலாமோ?" என்று கேட்டேன்.

"தொடலாம். லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டிருக்கவேணும். அது சட்டம்."

"அப்ப நான் எங்க போனாலும் நீரும் வரவேணும்."

"ஓம். அதுக்குத்தான் எடுத்தனான்." அவ சிரிக்கவில்லை. "இருபத்தாறு வருசம் நீங்கள் வேலையால வர நான் வேலைக்குப் போனன். வாசல்ல நிண்டு கார்த் திறப்பை மாத்தினதுதான் எங்கட குடும்பம். பிள்ளையளும் வீட்டைவிட்டுப் போட்டுதுகள். இனியாவது பக்கத்தில இருப்பியள் எண்டு பாத்தன். நீங்கள் கராஜுக்க இருந்து வாத்துக் கேட்கிறியள்."

அவ துவக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைச் சங்கிலியில் மாதா பதக்கத்துக்குப் பக்கத்தில் கோர்த்துக்கொண்டா.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, விட்பிக்கு வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடி, ஒரு சதுப்புக்கரைக்குப் போனோம். கார் ஓடினது அவ. நாணலுக்குள் தோளோடு தோள் முட்ட இருந்தோம். அவவின் தொப்பிக்கு வெளியே வந்த நரைமயிரில் பனி முத்து முத்தாக நின்றது. இந்த முகத்தை விடியற்காலை வெளிச்சத்தில் நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். கணக்கு வரவில்லை. அவவின் கையைத் தொட்டேன்.

"அன்ரனெற்," என்றேன், "நான் உமக்கு ஒருநாளும் சொல்லேல்லை..."

அவ திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப கதைக்காதேங்கோ," என்றா. "வாத்து வருது."