சைகோனுக்கு ஒரு டிக்கெட்

ஊர்ப்பெயர் திருத்துநர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. அவரைக் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம். நாலு பேர் இருக்கும் இடத்தில், "என் சித்தப்பா பீகிங்கில் மாட்டிக்கொண்டபோது..." என்று சும்மா ஆரம்பித்துப் பாருங்கள். மூன்று பேர் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் கண்ணை மூடி, வலியோடு தலையை ஆட்டி, "பெய்ஜிங்" என்பார். அவரேதான்.

எங்கள் தெருமுனையில் விமான டிக்கெட் போட்டுத் தரும் அலுவலகத்தில் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அட்லஸ். ரங்கூன் போக வந்தவரை யாங்கோன் என்றும், கான்டன் போக வந்தவரைக் குவாங்சோ என்றும் வாயால் சொல்ல வைத்து, சுவரில் தொங்கும் பழைய உலகப்படத்தில் தானே வெள்ளைத்தாள் ஒட்டி எழுதிய புதுப்பெயர்களைக் குச்சியால் தொட்டுக் காட்டி, அதற்குப் பிறகுதான் டிக்கெட்டில் கை வைப்பார். இத்தனைக்கும் மனிதருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

போன வாரம் எனக்கு முன்னால் ஒரு அம்மா மூச்சு வாங்க வந்து நின்றார்.

"தம்பி, சைகோனுக்கு இன்னிக்கே ஒரு சீட் வேணும். என் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. தனியா இருக்காப்பா."

திரையில் ஒரே ஒரு இடம் பச்சையாக மின்னியது. அட்லஸ் குச்சியை எடுத்தார்.

"ஹோ சி மின் நகரம்னு சொல்லுங்கம்மா."

"அங்க இருக்கறவங்களே சைகோன்னுதான் சொல்றாங்களாம். பொண்ணு சொன்னா."

வந்ததே கோபம்! "அவங்களுக்கும் யாராவது எடுத்துச் சொல்லணும்" என்று எழுந்து, படத்தின் முன் நின்று, யார் ஆண்டார்கள், யார் போனார்கள், எப்போது பெயர் மாறியது என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டுத் திரும்பினார். பச்சையைக் காணோம். எங்கோ, சைகோன் என்றே சொல்லும் யாரோ ஒருவர் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டு போயிருந்தார்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஹோ சி மின் நகரம். சரியாச் சொல்லிட்டேனாப்பா? இப்பவாவது குடு."

"நாளைக்குத்தாம்மா இருக்கு" என்றார் அட்லஸ், குச்சியை மேசைக்கு அடியில் ஒளித்தபடி. எனக்கு வயிறு எரிந்தது.

உங்களுக்கும் எரிகிறதா? இருக்கட்டும். என் சித்தப்பா பீகிங்கில் மாட்டிக்கொண்டார் என்றேனே, அவர் உயிரோடு திரும்பினாரா என்று நீங்கள் இதுவரை கேட்கவே இல்லையே?