ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு சைட்

சிரஞ்சீவி சைதன்யாவுக்கு,

மாமா அரங்கசாமி எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை கோமளாவும் நலம். புனேயில் நீயும் உன் ஆய்வுக்கூடமும் நலமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை அழைத்தேன். உன் குரல் கேட்டதும் அங்கே மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். உன் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாததால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெண் வீட்டில் உன் வேலையைப் பற்றிக் கேட்பார்கள், கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நீதான் போய்ப் பேச வேண்டும் என்று உன் அம்மா என்னிடம் சொன்னதால், போன ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் கிருபாசங்கர் வீட்டுக்குப் போனேன். உன் கட்டுரைகள் முப்பத்தெட்டு, அவற்றை ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியது, அதாவது சைட்டேஷன், ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு என்று, காட்டியவர்களின் பெயர்ப் பட்டியலோடு தயாராகத்தான் போனேன். கிருபாசங்கர் பம்ப் வார்க்கும் பவுண்டரி வைத்திருக்கிறார். பட்டறைச் சத்தத்தில் அவருக்கு இடது காது மந்தம், என் குரலோ எவ்வளவு மெல்லியது என்று உனக்குத் தெரியும். கார்பனையும் உலோகத்தையும் இணைப்பது உன் துறை என்றேன். கரியும் இரும்புந்தானுங்க, நம்ம லைனேதான் என்று அவர் சந்தோஷப்பட்டார். மறுத்துப் பேசத் தயங்கி, உனக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு சைட்டேஷன் இருப்பதைச் சொன்னேன். அவர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அத்தனையும் சொந்தமுங்களா?"

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதும் உண்டல்லவா, அதை மறைக்கக் கூடாதென்று, "சொந்தம் நூத்திப் பன்னெண்டுதானுங்க, மத்ததெல்லாம் அடுத்தவங்க குடுத்தது. சீனாக்காரங்க குடுத்ததுதான் அதிகம்" என்றேன். கூட்டு உண்டா என்றார். பெரும்பாலும் கூட்டுத்தான், ஒரு கட்டுரையில் ஒன்பது பேர் என்றேன். வருஷா வருஷம் ஏறுமா என்றார். ஏறுமே தவிர இறங்காது என்றேன். வில்லங்கம் ஏதாவது உண்டா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டபோது, பழைய கட்டுரை ஒன்றில் பிழை இருந்தது, திருத்தம் போட்டுச் சரிசெய்தாயிற்று என்றும் ஒப்புக்கொண்டேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவரே உள்ளே போய்க் காப்பி எடுத்துவந்து கொடுத்தார். அடுத்த வாரம் புதன்கிழமை நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்றார். இவ்வளவு மரியாதை என் பாடத்துக்கு இதுவரை கிடைத்ததில்லை; அப்போதாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அக்பர் அலி என்ற பத்திர எழுத்தர் வீட்டுக்கு வந்தார். கிருபாசங்கர் அனுப்பினாராம். "லேஅவுட் மேப் ஒண்ணு குடுத்தீங்கன்னா பாத்துப்போட்டுத் தந்துடறேனுங்க. மதுக்கரைப் பக்கம் எத்தனை சைட்டுங்க, அன்னூர்ப் பக்கம் எத்தனைங்க?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன சைட்டேஷன் அவர் காதில் சைட் என்று விழ, உனக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு வீட்டுமனை இருப்பதாக பீளமேடு முழுக்கப் பேச்சாம். உன் அத்தை, "ஏனுங்க, முப்பத்தாறு வருசம் பாடம் நடத்துனீங்களே, ஒருத்தருக்காச்சும் வெளங்கியிருக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டு இட்லி ஊற்றப் போய்விட்டாள். அதைத்தான் நானும் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேரில் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். சம்பந்தம் முறிந்தால் குற்றம் என்னுடையது. பெண்ணின் போட்டோவைப் பார்த்து நீ இரண்டு நாள் போனில் தன்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசியதாக உன் அம்மா சொன்னாள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. மன்னித்துவிடு. அரங்கநாதர் அருளால் நீ எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க.

அன்புள்ள மாமா,
அரங்கசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பெண்ணே வந்துவிட்டாள். நவ்யா, கிருபாசங்கரின் மகள். விஷயத்தை அப்பாவிடம் நேற்றே விளக்கிவிட்டாளாம். அதை விற்க முடியுமா என்று அவர் கேட்டாராம். முடியாது என்றதும், "அப்ப வில்லங்கமும் வராது, விடு கண்ணு" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்கு ஆள் அனுப்பிவிட்டாராம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. மகள் ஏதோ கெமிக்கல் படிக்கிறாள் என்று கிருபாசங்கர் சொன்னதை நான் சாயப்பட்டறைக்கு என்று எடுத்துக்கொண்டேன். "அந்த ஆயிரத்து இருநூத்தி நாப்பத்தேழுல மூணு என்னுதுங்க மாமா" என்றாள் நவ்யா. பட்டியலைப் பார்த்தேன், மூன்று இடத்தில் அவள் பெயர் இருக்கிறது. மூன்று கட்டுரைகளையும் கைப்பேசியில் காட்டினாள், உட்கார்ந்து படித்தேன். மூன்றிலும் உன் வினையூக்கி நீ சொன்னபடி வேலை செய்யவில்லை என்று நிரூபித்திருக்கிறாள். நான் பார்த்த வரையில் அவள் சொல்வதுதான் சரி. பிறகு ஏம்மா சம்மதித்தாய் என்று கேட்டேன்.

"மூணு தடவை மெயில் போட்டும் பதில் இல்லீங்க. இனி நேர்ல கேட்டுக்கிறேன்."

புதன்கிழமைக்குள் வந்துவிடு. வரும்போது உன் சோதனைக் குறிப்பேடுகளையும் கொண்டுவா.