மணி அடித்தால் வெல்லம்

ஒரு கோயில் நிறைய ஜனங்கள் தலை குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அத்தனை பேரையும் ஒன்றாக நிமிர்ந்து பார்க்க வைத்த பெருமை எனக்கு உண்டு. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கியாகிவிட்டது. என் குடும்பத்தார்தான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டால் கிறிஸ்துமஸுக்குக் கூடும்போது பேச விஷயம் இருக்காது என்ற பயம் அவர்களுக்கு.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வில்லியனூர் பக்கம் எங்கள் ஊர். எனக்குப் பதினெட்டு வயது. கோயிலை ஒட்டிய பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சராக வந்திருந்தேன். பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பினேன். (வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்.)

எங்கள் கோயிலில் ஏழு வயது ஆகாத பிள்ளைகளுக்கு ஞாயிறு பூசையில் இடம் கிடையாது. அழும், ஓடும், ஈரம் பண்ணும் என்று வெளியே புளியமரத்தடியில் நிறுத்திவிடுவார்கள். பிள்ளை வெளியே என்றால் தாயும் வெளியே. என் அக்கா சவரியம்மாவுக்கு வரிசையாக மூன்று பிள்ளைகள். ஆறு வருஷமாக அவள் கண்ட பூசையெல்லாம் மரத்தடியில்தான். உள்ளே மணிச் சத்தம் கேட்டால் அங்கேயே மண்ணில் முழங்கால் போடுவாள். ஒரு கை சிலுவை போடும், இன்னொரு கை கடைக்குட்டி ரீத்தாவின் வாயிலிருந்து புளியங்கொட்டையைத் தோண்டி எடுக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குக் காவல், கோயில் காரியம் பார்க்கும் எங்கள் உபதேசியார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. கையில் பிரம்பு. உள்ளே யாராவது தும்மினாலும், சத்தம் கூடாது என்று பிரெஞ்சில் "சிலான்ஸ்" என்பார். தும்மியவர் அடுத்த தும்மலை விழுங்கிவிடுவார்.

அந்த வருஷம் புதிதாக வந்த சாமியார், மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க ஏன் வெளிய இருக்காங்க?" என்று கேட்டார்.

"உள்ள வுட்டா சந்தையா ஆக்கிடும் சாமி," என்றார் உபதேசியார்.

"பீடத்துக்கு முன்னாடி பாய் போட்டு உக்கார வெச்சிப் பாப்போம். ஒரு ஞாயிறு. சரிப்படலைன்னா பழையபடியே மரத்தடி. அதுக்கப்புறம் நான் கேக்க மாட்டேன்."

அவர்களைப் பழக்கும் பொறுப்பு என்னுடையது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். செய்தி கேட்டு அக்கா அடுப்பை விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"நெசமாவாடி? உள்ள உக்காந்து முழு பூசையும் பாக்கலாமா?"

"என்ன நம்பு."

"உன்ன நம்பித்தான் போன வாரம் கொழம்ப பாத்துக்க சொன்னேன்," என்றாள். ஆனாலும் அன்றே கல்யாணப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள்.

தினமும் சாயங்காலம் மரத்தடிப் பிள்ளைகள் முப்பது பேரையும் வகுப்பறையில் உட்கார வைத்து ஒத்திகை. முதல் நாள் முழுக்கக் கேள்விகளிலேயே போயிற்று. "சாமியாரு ஏன் நம்மள பாக்காம செவுத்த பாத்து பேசறாரு?" என்று அந்தோணி கேட்டான். ஆறு வயசு, ஊரிலேயே பெரிய விசாரணைக்காரன். "அது இன்னா பாஷ? சாமிக்கு தமிழு தெரியாதா?" என்றான் அடுத்து. அந்தக் காலத்தில் பூசை லத்தீனில், சாமியார் பீடத்தைப் பார்த்தபடிதான். கேள்வி கேட்கக்கூடாது என்று அதட்டினேன். எனக்கும் பதில் தெரியாது, அதுவரை கேட்கத் தோன்றவும் இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாம் நாள் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. அக்கா வீட்டுக்காரர் கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறவர். வீட்டில் வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்துக் கைமணியை அடிப்பேன். சத்தமில்லாமல் முழங்கால் போட்டுக் கண்ணை மூடுகிற பிள்ளைக்கு ஒரு துண்டு வெல்லம். கையில் கொடுத்தால் சட்டையெல்லாம் பிசுபிசுக்கும் என்பதால் நேராக வாயில். சனிக்கிழமைக்குள் மணி அடித்த நொடியில் முப்பது பிள்ளைகளும் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, வாயைத் திறந்தார்கள். ஜன்னல் வழியாக வேவு பார்த்த உபதேசியாருக்கே மீசை ஆடிப்போயிற்று.

ஞாயிறு. கோயிலுக்குள் தின்பண்டம் ஆகாது என்பதால் வெல்லத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அதுதான் பழகிவிட்டார்களே, இனி வெல்லம் எதற்கு என்பது என் கணக்கு. பெண்கள் பக்கம் முன்வரிசையில் கல்யாணப் புடவையில் அக்கா. கண் பீடத்தை விட்டு நகரவில்லை.

பூசை நடுவில் முதல் மணி அடித்தது. முப்பது பிள்ளைகளும் முழங்கால் போட்டு வாயைத் திறந்தார்கள். ஒரு சத்தமில்லை. பின்னால் யாரோ அதிசயப்பட்டு முணுமுணுத்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வெல்லம் வராததைக் கண்டு வாய்கள் மூடின. முப்பது ஜோடிக் கண்கள் என்னையே பார்த்தன. பொறு என்று கையைக் காட்டினேன்.

பிறகு எழுந்தேற்றம். சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் நேரம், பூசையிலேயே பெரிய அமைதி அதுதான். மணி மூன்று முறை அடித்தது. ஊரே தலை குனிந்தது.

"மூணு தபா அடிச்சாச்சி," என்றான் அந்தோணி.

"சித்தி, வெல்லம்?" என்றாள் ரீத்தா.

"அத்தோ. அவருதான் வச்சிகினு இருக்காரு," என்று அந்தோணி சாமியாரின் உயர்ந்த கைகளைக் காட்டினான்.

பீடத்துக்கு முன்னால் ஒரு மரக் கிராதி உண்டு. பூசை நேரத்தில் எந்தப் பெண்ணும் அதைத் தாண்டியதில்லை. மூன்று வயது ரீத்தா தாண்டினாள். பீடப் பையன் சாமியாரின் பூசை உடுப்பில் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தான். இவள் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். பாயில் மற்ற இருபத்தொன்பது பேரும், "டீச்சர், வெல்லம், வெல்லம்" என்று எழுந்தார்கள்.

"சிலான்ஸ்" என்று கத்தினார் உபதேசியார். அதில்தான் ஊரே நிமிர்ந்தது.

அக்காதான் ஓடினாள். கிராதியைத் தாண்டி ரீத்தாவைப் பிடிப்பதற்குள் சாமியார் இரசப் பாத்திரத்தை உயர்த்த, மறுபடி மணி அடித்தது. அந்த நேரத்தில் எழுந்து நடப்பது மரியாதையா? அக்கா அங்கேயே, பீடத்தின் காலடியில், பிள்ளையை அணைத்துக்கொண்டு முழங்காலிட்டாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், "நான் சொல்லல சாமி?" என்று ஆரம்பித்தார் உபதேசியார். அக்காவின் ஆறு வருஷம் அறுபது வருஷம் ஆகப்போகிறது, என்னால்.

சாமியார் ரீத்தாவின் முன்னால் குந்தி, "என் துணிய ஏம்மா புடிச்ச?" என்று கேட்டார். திட்டும் குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நான் வாய தெறந்தேன். நீ தரல."

நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கேட்டு முடித்துவிட்டு, "அந்த வெல்லம் இப்ப எங்க?" என்றார்.

"வூட்டுல சாமி."

"எடுத்துகிட்டு வா. அதுங்களுக்குச் சொன்ன சொல்ல நீ காப்பாத்தலையே." பிறகு உபதேசியாரிடம், "அடுத்த வாரத்துல இருந்து பூசை முடிஞ்சப்புறம் வாசல்ல நீங்க குடுங்க. அப்ப உள்ள உங்க பேச்சக் கேக்கும்," என்றார்.

சொல்தா பிரம்பை வைத்துவிட்டு வெல்லத் தட்டை ஏந்தியதை ஊரே பார்த்தது. அடுத்த வாரமும் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். ஆனால் மரத்தடி காலியாகவே இருந்தது.

அந்த முதல் ஞாயிறு வீடு திரும்பும்போது அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் குறுக்கிட்டு, "ஆறு வருஷமா மரத்தடில இருந்தேன். கோயிலுக்குள்ள வந்தா போதும்னேன். நீ பீடத்தாண்டையே இட்டுகினு போயிட்டியேடி," என்று சொல்லி நடுரோட்டில் நின்று சிரித்தாள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூட மணி, சைக்கிள் மணி, டெலிபோன் மணி எது அடித்தாலும் எங்கள் வீட்டில் யாராவது என்னைப் பார்த்து வாயைத் திறப்பார்கள்.

அக்கா தொண்ணூறு தாண்டிப் போய்ச் சேர்ந்தாள். அடக்கப் பூசையில் என் பக்கத்தில் ரீத்தா, இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். எழுந்தேற்ற மணி அடித்தது. அழுதுகொண்டே பக்கவாட்டில் பார்த்தேன். கன்னமெல்லாம் நனைந்து, கண்ணை மூடி, ரீத்தா வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

என்னிடம் வெல்லம் இல்லை. அன்றும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.