மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ஜீப்பு

தணிகாசலம் பிரேக்கை மிதித்தார். ஜீப்பு நிற்கவில்லை.

"இன்னொரு வாட்டி மிதி தம்பி," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகப்பன். அவர்தான் வண்டிக்குச் சொந்தக்காரர். "மூணாவது மிதிக்கு அது புரிஞ்சிக்கும்."

மூன்றாவது மிதிக்கும் அது புரிந்துகொள்ளவில்லை. மண்ணூர் ஏரிக்கரை மேட்டில் பாதி தூரம் ஏறி, இருமி, தானாகவே பின்னால் உருண்டு வந்து ஒரு வேலிகாத்தான் புதரில் சாய்ந்துகொண்டது. புதருக்குள் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தணிகாசலத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது.

"பாத்தியா, நின்னுட்ச்சி," என்றார் நாகப்பன்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே இறங்கி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டியிருப்பார்கள். தணிகாசலம் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை. ஒரகடத்தில் ஒரு பிரேக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று ரோல் ஸ்டிக்கர் இருக்கும். பச்சை என்றால் ஓகே, சிவப்பு என்றால் ரிஜெக்ட், மஞ்சள் என்றால் ஹோல்டு, அதாவது இன்னும் முடிவு பண்ணவில்லை. பச்சையும் சிவப்பும் ரொம்ப நாளாகத் தீராமல் கிடந்தன. மஞ்சளை மட்டும் மாதா மாதம் ஸ்டோரில் கேட்டு வாங்குவார். லீலாவைப் பெண் பார்த்துவிட்டு வந்த காலத்திலும் ஐந்து மாதம் பதில் சொல்லாமல் வைத்திருந்தார். கடைசியில் லீலாதான் ஆள் அனுப்பிச் சம்மதம் என்று முடித்துவைத்தாள்.

ஆக, புதரிலிருந்து ஜீப்பை இழுத்து வெளியே நிறுத்தியதும் அவர் செய்த முதல் காரியம், அதன் பானெட்டில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டியதுதான்.

"இது இன்னாதுப்பா?" என்றார் நாகப்பன்.

"ஹோல்டுண்ணே. எங்க கம்பெனில எந்த பார்ட்டையும் எடுத்தவுடனே ரிஜெக்ட் பண்ண முடியாது. ஒருவாட்டி ரீவொர்க் பண்ணி, சரி பண்ணி, திரும்ப டெஸ்ட் எடுத்து, அதுக்கப்புறம்தான் வேணாம்னே சொல்லலாம்."

நாகப்பன் அவரைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார். "நல்ல ரூல்ஸ்பா. நீ வூட்டாண்ட எடுத்துகினு போ. வாங்கணும்னு கட்டாயம் இல்ல. திருப்தியா டெஸ்ட் பண்ணிட்டு சொல்லு."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று தணிகாசலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவருக்கு வண்டி அவசரமாக வேண்டியிருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் அவர் தெரு, ஏரி நிரம்பினால் முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் போய்விடும். ஆட்டோ, டாக்ஸி எல்லாம் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். போன ஐப்பசியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக, பட்டுப்புடவையோடு லீலா ஜேசிபி பக்கெட்டில் உட்கார்ந்துதான் தெருவைத் தாண்டினாள். ஜேசிபி ஓட்டும் கோபால் மரியாதையான ஆள்தான், பக்கெட்டைக் கழுவிக்கூட வைத்திருந்தான். ஆனால் யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். பக்கெட்டில் பூச்சூடி உட்கார்ந்த லீலா, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் ஸ்டேட்டஸிலும் ஒரு வாரம் இருந்தாள்.

இந்த ஐப்பசியில் லீலாவின் அக்கா மகள் பூஜாவுக்கு மறைமலை நகரில் கல்யாணம்.

"இந்த வாட்டியும் பக்கெட்டுதான்னு வெச்சிக்கங்க," என்று லீலா அமைதியாகச் சொல்லியிருந்தாள், "கல்யாணத்துக்குப் போறவ அங்கயே எங்கக்கா வூட்ல இருந்துப்பேன். ஏரி வத்தினதும் சொல்லி அனுப்புங்க. அப்பவும் வருவேனான்றத ஹோல்டுல வெச்சிருப்பேன்."

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, முதல் ஷிஃப்ட் விட்டு வெளியே வந்த தணிகாசலம் தன் கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே இந்த ஜீப்பைப் பார்த்தார். 'விற்பனைக்கு. ஃபோர் வீல். ரொம்ப மலிவு' என்று ஒரு தகர போர்டு தொங்கியது. ஆதிகேசவப் பெருமாளே கொண்டுவந்து நிறுத்தியது மாதிரி இருந்தது அவருக்கு. கதவு கயிற்றால் கட்டியிருந்தது. வைப்பர் இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் மட்டும் நின்றன. ஆனால் முன்கண்ணாடி ஷோரூமில் இருப்பது போல் பளபளத்தது, சீட்டெல்லாம் புது ரெக்சின். இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டவர் மற்றதையும் பார்த்திருப்பார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிரேக்கை அவரே சரிசெய்தார். நாலு சக்கரத்துக்கும் புது செட் போட்டு, ஆயில் மாற்றி, லீக் பார்த்து, அந்த வார லீவு நாள் முழுக்க வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். பிரேக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன் அப்படியொரு பிரேக்கைத் தொட்டுவிட்டுச் சும்மா வருவது மானக்கேடு என்பது அவர் கட்சி.

சாயங்காலம் டெஸ்ட். பிரேக்கை மிதித்தார். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. சக்கரம் நின்றது. ஜீப்பு நிற்கவில்லை. வழவழவென்று சறுக்கிக்கொண்டே போய்ப் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் மோதியது. தெருவுக்கு இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை.

"இதுக்கு முன்னாடி மழை பெஞ்சாத்தான் தெருவுல கஷ்டம்," என்றாள் லீலா, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு.

மாடியில் வாடகைக்கு இருந்த பிரவீனைக் கூப்பிட்டார். சாத்தான்குளம் பக்கத்துப் பையன், டயர் கம்பெனியில் வேலை. அவன் குனிந்து நாலு டயரையும் தடவிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது டயர் இல்ல. டயர் இருந்த எடம்."

"வண்டி எப்படிப்பா கீது? வாங்கலாமா?"

"வண்டியப் பத்தி எனக்கு என்னண்ணாச்சி தெரியும்? நான் டயரு. ஆனா இப்படி ஒரு டயர பாத்துட்டு எனக்கு சோறு எறங்காது."

இந்தப் பக்கத்து ஆட்களின் விசேஷம் அது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆளுக்கொரு பார்ட்டைச் செய்கிறார்கள். முழு வண்டி நல்லதா கெட்டதா என்று கேட்டால் விழிப்பார்கள். ஆனால் தன் பார்ட் கெட்டிருந்தால் மட்டும் யாராலும் தாங்கிக்கொள்ள முடியாது. பிரவீன் ஸ்டாஃப் தள்ளுபடியில் நாலு டயரை ஏற்றிக்கொண்டு வந்து, தூக்கம் கெட்டுப் பொருத்திவிட்டுத்தான் போனான். பணம் கொடுத்தவர் தணிகாசலம். டெஸ்ட் செலவு என்று சொல்லிக்கொண்டார்.

புது டயர் தரையை அப்படிப் பிடித்தது. அதுதான் சங்கடம். இந்த ஜீப்பு தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும். வழுக்கை டயரோடு இரண்டு பேர் தள்ளினார்கள். இப்போது ஆறு பேர் தள்ளியும் அசையவில்லை. ஆறாவது ஆளாகத் தள்ளிய லீலாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கல்யாணத்துக்கு நான் நேரா நின்னு போகணும்னு ஒரு ஆசை," என்றாள் அவள், சுவரைப் பிடித்துக்கொண்டே.

அடுத்த தெருவில் இருந்த பகலவனுக்குப் பேட்டரி கம்பெனியில் வேலை. அவன் வந்து பழைய பேட்டரியின் மூடியைத் திறந்தான். உள்ளே எறும்புப் புற்று இருந்தது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"மச்சான், இத பாத்துட்டு எப்பட்றா சும்மா கீற நீ?"

மறுநாளே புது பேட்டரி வந்தது. சாவியைத் திருப்பியதும் ஜீப்பு உறுமியது. கூடவே ஹாரனும் உயிர் பெற்று அலறத் தொடங்கியது. சாவியை எடுத்தார்கள். இன்ஜின் நின்றது, ஹாரன் நிற்கவில்லை.

"ஓட்டுனா நின்னுடும்," என்றான் பகலவன். அவனுக்கு ஹாரனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் பேட்டரி.

ஓட்டினார்கள். ஒரகடம் ரோட்டில் ஒரு கம்பெனி வாசலில் லாரிகள் குறுக்கே நிற்க, ஜீப்பு அங்கே பத்து நிமிடம் நின்று அலறியது. மணி பத்தேகால். உள்ளே இருநூறு பேர் அதை டீ சைரன் என்று நினைத்து லைனை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யாருயா இவங்கள டீக்கு வுட்டது?"

"டெஸ்ட் எடுக்கறோம் சார்," என்றார் தணிகாசலம்.

டெஸ்ட் என்ற சொல்லுக்கு அந்த ரோட்டில் ஒரு மரியாதை உண்டு. சூப்பர்வைசர் தலையை ஆட்டிவிட்டு, "எத்தினி நேரம் ஆவும்?" என்று கேட்டு, தானும் ஒரு டீ வாங்கிக்கொண்டார். பகலவன் கையில் கிடைத்த ஒயரையெல்லாம் பிடுங்கியதில் ஹாரன் நின்றது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தணிகாசலம் கடைசி டெஸ்டுக்கு ஏரிக்குப் போனார். கரையில் லீலா இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு நின்றாள். அவர் ஃபோர் வீல் கியரைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீரில் இறக்கினார். சக்கரம் மறைந்தது. வண்டி நிற்கவில்லை, சறுக்கவில்லை, அலறவில்லை. அந்தப் பக்கக் கரையில் ஏறி, பிரேக்கை மிதித்ததும் சொன்ன இடத்தில் நின்றது.

தணிகாசலம் இறங்கினார். மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். பையிலிருந்த பச்சை ரோலைப் பிரித்து ஒன்றைக் கிழித்து ஒட்டினார். பழைய பசை, சரியாக ஒட்டவில்லை. எச்சில் தொட்டு ஒட்டினார். அவருக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அதே தண்ணீர் வழியாகத் திரும்பி லீலாவிடம் வந்து, "கல்யாணத்துக்கு இதுலதான் போறோம்," என்றார். லீலாவும் சிரித்துவிட்டாள்.

அன்று மத்தியானமே பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, லீலாவை முன்சீட்டில் உட்காரவைத்து மண்ணூருக்குப் போனார். நாகப்பன் வாசலுக்கு வந்தார். அவர் மனைவி கிளியம்மாள் இரண்டு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டா தம்பி? கடைசியா ஒரு வாட்டி," என்றார் நாகப்பன்.

போய்விட்டு வந்தவர் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா ஓட்டின வண்டி தம்பி இது. அவர் காலத்துல இப்படித்தான் ஓடுச்சி. இப்ப திரும்ப அதே மாதிரி கீது." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குடுக்க மனசு வரலப்பா. என்ன மன்னிச்சிடு. நீ செலவு பண்ணத சொல்லு, எப்பாடு பட்டாவது குடுத்துடறேன்."

தணிகாசலத்துக்கும் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ, வேணாண்ணே. அது டெஸ்டுக்குப் பண்ண செலவு. அப்பா ஓட்டின வண்டிய எப்படிண்ணே குடுப்பீங்க? வெச்சிக்கங்க."

நாகப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இறங்கி, தகர போர்டை அவர்கள் கண்ணெதிரிலேயே வண்டியிலிருந்து கழற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

ஷேர் ஆட்டோவுக்காகத் தணிகாசலமும் லீலாவும் அந்த வீட்டுச் சுவரோரம் நின்றார்கள். தூறல் போட ஆரம்பித்தது. அவள் போனை எடுத்தாள்.

"கோபாலு, அக்கா பேசறேன். புதன்கிழமை உன் ஜேசிபி சும்மாதானே கீது? பக்கெட்ட நல்லா கழுவி வை."

தணிகாசலம் அவள் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்தார். அப்போது சுவருக்கு உள்ளேயிருந்து கிளியம்மாளின் குரல் கேட்டது.

"ஏங்க, அந்த போர்ட உள்ள கொண்டாந்து வெக்காதீங்க. மழை வேற புடிச்சிக்கிச்சி, நாளைக்கு காலைல வண்டிய அந்த வைப்பர் கம்பெனி கேட்டாண்ட நிறுத்திட்டு வந்துடுங்க."