மாவட்டத்தில் யாரும் உண்ணாத களி

தருமபுரி மாவட்டத்தில் களி தின்னும் பழக்கம் உண்டா என்ற கேள்வி எழும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. எழுந்தது. கேட்டது நெதர்லாந்து.

எங்கள் பொம்மிடி ஊர்க் கஸ்பாரின் மகள் ஆக்சிலியா அங்கே உணவு அறிவியல் படித்தாள். ராகிக் களி வயிற்றில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது அவள் ஆராய்ச்சி. களி கிண்டி வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகும் சமயத்தில் பல்கலைக்கழகம் குறுக்கே விழுந்தது. ஒரு தலைமுறைக் காலமாவது மனிதர்கள் இதைத் தின்று உயிரோடு இருக்கிறார்கள் என்று அவள் ஊர் அதிகாரி எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆராய்ச்சி ரத்து. பிள்ளை பாதிப் படிப்போடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

கஸ்பார் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். நான் அவர் நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரன். ஆபீசில் பணிவாக நிற்கத் தெரிந்தவன் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. கஸ்பாருக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும்.

நல்லவேளையாக, தருமபுரியில் உணவுப் பழக்கச் சான்றளிப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பொறுப்பு அலுவலர் மாதவராஜ். நாங்கள் போனபோது மதியம். அவர் டிபன் கேரியரைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே களி உருண்டை, பக்கத்தில் கீரைக் கடைசல்.

"வேல முடிஞ்சுதுண்ணா" என்றேன் கஸ்பார் காதில்.

மாதவராஜ் மனுவை நிதானமாகப் படித்தார். "களிய மக்கள் சாப்புடறாங்கன்னு எத வச்சுச் சொல்றீங்க?"

கஸ்பார் கேரியரைப் பார்த்தார். "ஐயாவே சாப்புடறீங்களே."

"இது என் சொந்தச் சாப்பாடுங்க. ஆபீஸ் சாப்பாடு கெடையாது." ஒரு துண்டைக் கிள்ளிக் கடைசலில் தொட்டு விழுங்கினார். "ராகி வெளையுதுன்னு ரெக்கார்டு இருக்குது. வித்தாங்க, வாங்குனாங்க, எல்லாம் இருக்குது. தின்னாங்கன்னு எங்கியும் இல்ல."

"வாங்குனத வேற என்னங்க பண்ணுவாங்க?"

"அது யூகம். யூகத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

"எங்க ஆயா, தாத்தன் எல்லாம் களி தின்னுதாங்க வளந்தாங்க."

"அவங்கள வந்து சொல்லச் சொல்லுங்க."

"அவங்க செத்துட்டாங்க."

மாதவராஜ் பேனாவை எடுத்தார். "களி தின்னவங்க செத்துட்டாங்க. இத அப்பிடியே எழுதிக்கலாங்களா?"

கஸ்பாரை நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கடைசியில், மக்களை நேரில் கண்டு கேட்டறியக் கள ஆய்வுக் குழு ஒன்று அனுப்பப்படும் என்று முடிவாயிற்று. எங்களுக்கு உயிர் வந்தது. ஊரே களி தின்னும்போது ஊர் சொல்லாதா?

இனிமேல் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜீப்பில் அதிகாரிகள் வந்து இறங்கியதும் எங்கள் ஊருக்கு மானம் பெரிதாகிவிட்டது. காலையில் இரண்டு உருண்டை விழுங்கிவிட்டு வந்த வீரமணி, "நமக்கு ஓட்ஸுங்க" என்றான். மாதையன் சப்பாத்தி என்றார். பெரியம்மாள், களி என்றால் எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டாள். பெற்ற மகளின் படிப்பு தொங்கிக்கொண்டிருக்க, கஸ்பாரின் மனைவி ராயம்மாளே வந்தவர்களுக்குக் களி போடக் கூசி பிரியாணி போட்டார்.

சான்றிதழ் உடனே கிடைத்தது. 'மேற்படி மாவட்டத்தில் மேற்படி உணவு எக்காலத்தும் எவராலும் உட்கொள்ளப்படவில்லை என இதன்வழி சான்றளிக்கப்படுகிறது.'

திரும்பி வரும்போது கஸ்பார் பஸ்ஸில் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல், ஆக்சிலியா கேட்டாளே என்று அதையே அனுப்பிவைத்தோம்.

ஆக்சிலியா போனில் கூப்பிட்டாள். "அப்பா, புரொபசர் சந்தோசத்துல குதிக்கிறாருப்பா."

"எதுக்கு பாப்பா?"

"பழைய சாப்பாடுன்னாத்தான் சாட்சி வேணுமாம். யாருமே தின்னதில்லன்னு கவர்மென்டே எழுதிக் குடுத்துட்டாங்கல்ல? அப்ப இது கண்டுபிடிப்பாம். அதுக்கு வேற டிபார்ட்மென்ட். அங்க ருசி பாக்க ஜனங்க இப்பவே பேர் குடுத்துட்டாங்க."

ஆக, களியைக் கண்டுபிடித்தவள் என்ற பட்டத்தோடு ஆக்சிலியா ஊர் வந்தாள். தருமபுரியில் புதிய உணவு அறிமுக விழா நடந்தது. வரவேற்றவர் மாதவராஜ். 'மெல்லாமல் விழுங்கவும்' என்று மேடையில் செய்து காட்டினார்கள். வீரமணி கவனமாக செல்போனில் படம் பிடித்துக்கொண்டான். பிறகு குட்டிக் கிண்ணத்தில், மரக் கரண்டியோடு, ஆளுக்கு ஒரு கோலிக்குண்டு அளவு கொடுத்தார்கள். நாங்கள் அடித்துப் பிடித்து வரிசையில் நின்று வாங்கினோம். என்ன ருசி என்கிறீர்கள்!

ராத்திரி கஸ்பார் வீட்டில் எனக்கும் சாப்பாடு. ராயம்மாள் களி போட்டார். ஆக்சிலியா கையை நனைத்துக்கொண்டு முதல் ஆளாக ஆரம்பித்துவிட்டாள். நான் தட்டைப் பார்த்தேன். மனதில் பட்டதைக் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கக்கா, இது பாப்பா கண்டுபுடிச்ச களிங்களா? இல்ல, சும்மா நம்ம வூட்டுக் களிங்களா?"

ராயம்மாள் களி கிண்டிய துடுப்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். கஸ்பார் என்னை அடிக்கத்தான் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. அவரும் தட்டில் கை வைக்காமல், மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.