வரி வரியாய் ஒரு வாழ்த்துப்பா

மச்சானின் கலியாணத்துக்குப் பெரிய ஸ்கிரீன் வாடகைக்குப் பிடிக்கும் பொறுப்பை நானே ஏற்பது என்று முடிவெடுத்தேன். சமையல், மேளம், மணவறை எல்லாம் மற்றவர்கள் பார்க்கட்டும். ஸ்கிரீன் என்னுடையது. ஏனென்றால் அதில் வரப்போவது நான்.

என் பெயர் பிரதீபன். வட்டக்கச்சியில் உழவு மெசின் பாகங்கள் விற்கிறேன். அது வயிற்றுக்கு. உள்ளுக்குள் நான் ஒரு கவிஞன். இதைக் கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஃபான் பெல்ட் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

என் மனைவி பிரஷாந்தினிக்கு ஒரே தம்பி, தர்ஷன். அவன் கலியாணத்துக்கு ஒரு வாழ்த்துப்பா எழுதினேன். நூறு வரி. நானே மெட்டமைத்து, நானே பாடி, நானே நடித்து வீடியோவும் எடுத்துவிட்டேன். அக்கராயன் குளக்கட்டு. சிவப்புப் பட்டுச் சட்டை. கறுப்புக் கண்ணாடி. இரண்டு கைகளையும் விரித்தபடி மெதுவாக ஓடி வருவேன். பின்னால் இரண்டு எருமைகள். அவற்றை நான் கூப்பிடவில்லை. தாமாகவே வந்து நடித்தன.

வீடியோவைப் பிரஷாந்தினிக்குப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை பார்த்தாள்.

"எப்பிடியப்பா இருக்கு?"

"எருமையள் வடிவா இருக்கு."

உணர்ச்சி வசப்பட்டவர்கள் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள்.

என் திட்டம் இதுதான். மண்டபத்தில் பெரிய எல்.ஈ.டி. ஸ்கிரீனில் நான் ஓடி வருவேன். சனம் அதைப் போனில் பிடிக்கும். சூரிச், லண்டன், டொரொண்டோ எங்கும் அனுப்பும். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் நான் உலகப் புகழ் பெற்றுவிடுவேன்.

அதற்குள் ஓர் இடி விழுந்தது. பக்கத்து வீட்டு வீரையா அண்ணன் தன் மகளின் கலியாணத்தில் ஸ்கிரீனைப் போனில் பிடித்திருந்தார். காட்டினார். பொம்பிளையின் மூக்குக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. மாப்பிள்ளைக்குத் தலையே இல்லை. கோடுகள் மேலும் கீழுமாக ஓடின.

"ஸ்கிரீன் பழுதோ அண்ணை?"

"இல்லையடாப்பா. மண்டபத்தில பாக்கேக்க பளிச்செண்டு கிடந்தது. போனிலதான் இந்தக் கூத்து."

என் முகத்துக்கு நடுவே கறுப்புக் கோடா? கடையை மூடிவிட்டு யூடியூப்பைத் திறந்தேன். பார்த்தேன், பார்த்தேன், அறிவாளியாக எழும்பினேன். ரிஃப்ரெஷ் ரேட்! அங்கேதான் எல்லாச் சூட்சுமமும். ஓடினேன் வீட்டுக்கு.

"பிரஷா! ஸ்கிரீனுக்கு ஹேர்ட்ஸ் கூட இருக்க வேணும்!"

"நோகிறதோ? ஆருக்கு?"

"நோகிற ஹேர்ட்ஸ் இல்லையப்பா. ஒரு செக்கனுக்கு எத்தினை தரம் ஸ்கிரீன் தன்னைப் புதுப்பிக்குது எண்ட கணக்கு. நல்ல ஸ்கிரீன் எண்டால் செக்கனுக்கு மூவாயிரத்துக்கு மேல ரிஃப்ரெஷ் ஆகும்!"

"ஞாயிற்றுக்கிழமையில ஒருக்காக் குளிச்சு ரிஃப்ரெஷ் ஆக உங்களை நான் எத்தினை தரம் கூப்பிட வேண்டியிருக்கு. அது செக்கனுக்கு மூவாயிரமோ?"

"பகிடியை விடும். இஞ்ச பாரும்."

ஃபானைப் போட்டேன். போன் கமராவை அதற்கு நேரே பிடித்தேன். கண்ணுக்கு வேகமாகச் சுழன்ற ஃபான், போனில் நின்று நின்று பின்பக்கமாகச் சுற்றியது.

"விளங்குதோ? எங்கட கண் ஒண்டைப் பாக்கும், கமரா வேற ஒண்டைப் பாக்கும். ஹேர்ட்ஸ் குறைஞ்ச ஸ்கிரீனைக் கண் கண்டுபிடிக்காது. போன் கண்டுபிடிச்சிடும். கோடு கோடாக் கிழிச்சுப்போடும்."

பிரஷாந்தினி கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தாள். கலியாணமாகி இத்தனை வருடத்தில் என் பேச்சைக் கேட்க அவள் கதிரை போட்டது அன்றுதான்.

"அப்ப ஹேர்ட்ஸ் குறைஞ்சால், மண்டபத்தில இருக்கிறவைக்கு ஒண்டும் தெரியாது?"

"தெரியவே தெரியாது!"

"போனில பிடிக்கிறவைக்கு மட்டும் பழுதாப் போகும்?"

"அதேதான்! என்ன கெதியா விளங்குது உமக்கு!"

"நீங்கள் படிப்பிக்கிற விதம் அப்பிடி," என்றாள்.

நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நாளே இருவரும் வவுனியாவுக்குப் பஸ் ஏறினோம். அங்கே நாஸிம் என்று ஒருவர் ஸ்கிரீனும் லைற்றும் வாடகைக்கு விடுகிறார். தங்கமான மனிதன். கடைக்குள் இரண்டு எல்.ஈ.டி. பலகைகள் எரிந்தன. ஒன்று சாதாரணம், மற்றது உயர்ந்த சாதி.

"நம்பிக்கையோட எடுங்கோ அண்ணன். இது மூவாயிரத்து எண்ணூற்றி நாற்பது ஹேர்ட்ஸ்," என்றார் நாஸிம்.

நான் சும்மா நம்பவில்லை. போனை எடுத்தேன். குனிந்து பிடித்தேன். குந்தி இருந்து பிடித்தேன். கதிரையில் ஏறி நின்றும் பிடித்தேன். சாதாரணப் பலகையில் கோடுகள் ஓடின. உயர்ந்த பலகையில் ஒரு கோடும் இல்லை! கண்ணாடி! பளிங்கு! எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. கதிரையில் நின்றபடியால் துள்ளவில்லை.

கீழே பிரஷாந்தினி நாஸிமிடம் மெல்லக் கேட்பது காதில் விழுந்தது.

"தம்பி, இதைக் குறைக்கேலுமோ?"

"குறைக்கலாம் அக்கா. அது பெரிய வேலை இல்லை."

"கொஞ்ச நேரத்துக்கு மட்டும்?"

"எவ்வளவு நேரத்துக்கு வேணுமெண்டாலும்."

வாடகையைப் பேரம் பேசுகிறாள் என்று நினைத்தேன். கலைக்காகப் போகும் இடத்திலும் பேரம்! வெட்கமாக இருந்தது. "பிரஷா, நல்ல சாமானுக்குக் குறைக்கச் சொல்லக் கூடாது," என்றேன் கதிரை மேலிருந்து. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கலியாண நாள் வந்தது. கிளிநொச்சி மண்டபம் நிறைந்து வழிந்தது. மணவறைக்குப் பக்கத்தில் என் ஸ்கிரீன் சுவர் போல நின்றது. தர்ஷன் தாலி கட்டினான். ஸ்கிரீனில் தாலிக்கொடியின் ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. சனம் போனைத் தூக்கியது. நான் பின்னால் போய் ஒவ்வொரு போனாக எட்டிப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை!

பிறகு அறிவிப்பாளர் என் பெயரைச் சொன்னார். ஸ்கிரீன் ஒரு கணம் கண்ணைச் சிமிட்டியது. அடுத்த கணம் அக்கராயன் குளக்கட்டில் நான்! பத்தடி உயரம்! சிவப்புச் சட்டை மின்னியது. மண்டபம் அதிர்ந்தது. விசில். கைதட்டல். எருமைகள் வந்தபோது இன்னும் பலத்த கைதட்டல்.

மேடைக்குக் கீழே நின்று நான் சனத்தைத்தான் பார்த்தேன். எல்லாரும் போனைத் தூக்கினார்கள். இறக்கினார்கள். உதறினார்கள். சிலர் போன் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்கள். சிலர் தங்கள் கண்ணையே துடைத்தார்கள். என் பாட்டில் உருகுகிறார்கள் என்று நினைத்தேன். பிரஷாந்தினி முன்வரிசையில் இருந்து எல்லாரையும் விடப் பலமாகக் கை தட்டினாள். நான் கொடுத்து வைத்தவன்.

அடுத்த நாள் காலை சூரிச்சிலிருந்து அன்னபாக்கியம் மாமியின் அழைப்பு. பிரஷாந்தினியின் பெரிய மாமி. அவ பார்த்துவிட்டால் ஐரோப்பா முழுவதும் பார்த்த மாதிரி.

"தம்பி, கலியாணம் என்ன வடிவு! தாலிகட்டு பக்கத்தில நிண்டு பாத்த மாதிரி."

"என்ர பாட்டு, மாமி?"

"அதில வரி கனக்க, தம்பி."

"ஓம் மாமி! நூறு வரி!"

"நூறுக்கு மேல இருக்கும். கறுப்புக் கறுப்பா மேலயும் கீழயும் ஓடிச்சுது. நடுவில சிவப்பா ஏதோ ஆடினது. கொடியோ?"

போனை வைத்துவிட்டு நாஸிமை அழைத்தேன். கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணன், உங்கட பாட்டு முடியுமட்டும் ஹேர்ட்ஸைக் குறைக்கச் சொல்லி அக்கா வவுனியாவிலயே சொன்னவா. ஆயிரத்துக்குக் கீழ இறக்கினன். நீங்களும் கதிரையில நிண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தீங்கள்?"

குசினிக்குள் பாய்ந்தேன். பிரஷாந்தினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கே இப்பிடிச் செய்துபோட்டீரே?"

"மண்டபத்தில உங்களைக் குறைச்சனானோ? முழுப் பாட்டும் போனதுதானே? சனம் கை தட்டினதுதானே?"

"தட்டினது..."

"மண்டபத்தில பாத்தவை சோத்தைக் கண்டவுடன மறந்திடுவினம். நெட்டில போனால் எங்கட மகளின்ர கலியாணத்துக்கும் அந்தச் சிவப்புச் சட்டை ஓடி வரும்."

"வீடியோக்காரன் பிடிச்சிருப்பான்!"

"அந்த நேரம் பாத்து அவரைப் பந்திக்கு அனுப்பினனான். பாவம், பசியோட நிண்டவர்."

ஆனால் கவிஞனை அவ்வளவு லேசாக மடக்க முடியாது. திடீரென்று எனக்கு ஒன்று உறைத்தது. ஸ்கிரீனைப் பிடித்ததில்தானே கோடு? அசல் வீடியோ என் போனுக்குள் அப்படியே கிடக்கிறதே! ஒரு தட்டு. சூரிச், லண்டன், டொரொண்டோ எல்லாம் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட்டால் முடிந்தது!

"இப்ப பாரும்!" என்றேன். "அசலையே போடுறன்!"

"போடுங்கோ," என்றாள். வெங்காயத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

குறூப்பைத் திறந்தேன். எழுதும் பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் சின்னதாக ஓர் அறிவிப்பு. அட்மின் மட்டும்தான் செய்தி அனுப்பலாமாம்.

"ஆரப்பா இதுக்கு அட்மின்?"

"நேற்றையில இருந்து நான். கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ."