பனிக்காட்டில் சடையப்பன் கடை வைத்த கதை

ஒரு காட்டில் மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுவிட்டார்கள். அந்தக் காட்டில் சடையப்பன் என்றொரு கரடி தேன் வியாபாரம் செய்துவந்தான். நம்பர் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு மரம் ஏறுவதற்கும் அவன் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியதாயிற்று. எந்த மரம், எந்தக் கிளை, ஏறும் நோக்கம், இறங்கும் உத்தேச நேரம் என்று வரிசையாகக் கேட்டிருக்கும். நோக்கம் என்ற இடத்தில் "தேன்" என்று எழுதினால், விவரமாக எழுதவும் என்று திரும்பி வரும். விவரமாக எழுதி அனுமதி கிடைப்பதற்குள் தேனீக்கள் அடுத்த மரத்துக்குக் குடிபோயிருக்கும். அதற்கு வேறு நம்பர், வேறு விண்ணப்பம்.

சடையப்பனுக்கு அந்த வருஷம்தான் பெண் குட்டி பிறந்திருந்தது. பூவரசி என்று பெயர் வைத்தார்கள். கண் திறந்த மறு வாரம் அவள் பேருக்கும் மரம் ஏறும் அட்டை எடுக்கச் சொல்லி ஆள் வந்தது. அன்றைக்குத்தான் சடையப்பன் முடிவெடுத்தான்.

ஆற்றங்கரையில் வெளிதேச ஆலோசனை என்று போர்டு மாட்டிக்கொண்டு ஒரு வாலாட்டிக் குருவி உட்கார்ந்திருக்கும். ஐப்பசியில் வரும், பங்குனியில் கிளம்பிவிடும். சடையப்பன் மனைவி கருப்பாத்தாளையும் கூட்டிக்கொண்டு அதைப் பார்க்கப் போனான்.

"பனிக்காடுன்னு ஒரு தேசம் இருக்கு சார்," என்றது குருவி. "வருஷத்துல ஆறு மாசம் நான் அங்கதான் இருக்கேன். கண்ணால பார்த்ததைத்தான் சொல்றேன். வெயில் சுடாது. ஆத்துல எப்பவும் தண்ணி. புதருக்குப் புதர் பழம். எந்த மரத்துலயும் நம்பர் கிடையாது."

"எங்களை உள்ள விடுவாங்களா?" என்று கேட்டாள் கருப்பாத்தாள்.

"சும்மா போனா விடமாட்டாங்கம்மா. முதலீட்டாளரா போகணும். இருநூறு குடம் தேன் போட்டு அங்க ஒரு தொழில் தொடங்கணும். உள்ளூர் ஆள் ரெண்டு பேருக்கு வேலை கொடுக்கணும். ரெண்டு குளிர்காலம் கடை நடந்தா நிரந்தரமா தங்கலாம். அப்புறம் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கலாம்."

விதிகள் எழுதிய தாளைச் சடையப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். மூன்றாவது விதியில் நின்றான். முதலாளி நிர்வாகம் மட்டுமே செய்ய வேண்டும், தொழிலாளர் வேலை எதையும் தொடக்கூடாது என்று இருந்தது.

"உங்களைப் பாத்துட்டே எழுதினாப்ல இருக்குதுங்க," என்றாள் கருப்பாத்தாள்.

அப்பா காலத்திலிருந்து ஆண்ட தேன்பாறையை விற்று இருநூறு குடம் சேர்த்தான். திரும்பி வந்தால் உட்காரக்கூட இனி இடமில்லை. கிளம்பும்போது குட்டி அவன் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாற்பது நாள் நடந்தும் இரண்டு கப்பல் ஏறியும் பனிக்காடு போய்ச் சேர்ந்தான்.

குருவி சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆறு ஓடியது. புதரெல்லாம் பழம். சடையப்பன் தேன் டீக்கடை திறந்தான். ஊர்சுலா என்ற பழுப்புக் கரடியைக் கல்லாவுக்கும், ஊவே என்ற முள்ளெலியைக் கோப்பை கழுவி மேசை துடைக்கவும் வேலைக்குச் சேர்த்தான். இரண்டு பேரும் உள்ளூர்க்காரர்கள். மூன்றாவது விதிக்குப் பயந்து, சடையப்பன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் செய்தான். அதாவது, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாபாரம் நன்றாகவே நடந்தது. வாரம் ஒருதரம் ஊருக்குப் போன் போட்டான். பூவரசிக்குப் பல் முளைத்திருந்தது.

புரட்டாசி கடைசியில் குருவி சொல்லிக்கொண்டு போக வந்தது.

"கிளம்பறேன் சார். உங்க ஊர்ல ஆபீஸ் திறக்கணும்."

"இனிமே குளிர்காலமாமே. எப்படி இருக்கும்?"

"தெரியாது சார். நான் பார்த்ததில்லை," என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

அதற்குப் பிறகு ஊர்சுலாவும் ஊவேயும் தின்னத் தொடங்கினார்கள். பழம், வேர், மீன், கடையில் மிச்சமான ரொட்டி என்று எதையும் விடவில்லை. மூன்று வாரத்தில் ஊர்சுலாவுக்குக் கல்லா நாற்காலி போதவில்லை. முதல் பனி விழுந்த அன்றைக்கு அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"நாளையிலிருந்து தூக்கம்," என்றாள்.

"எத்தனை நாள் லீவு?"

"லீவு இல்லை. தூக்கம். சித்திரையில் பார்க்கலாம்."

சொன்னபடியே சரக்கு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். ஊவே மாவு மூட்டைக்குப் பின்னால் இலையைக் குவித்து அதற்குள் சுருண்டுகொண்டான். தெருவில் எட்டிப் பார்த்தால் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. வீட்டுக்கு வீடு குறட்டை கேட்டது.

சடையப்பன் மட்டும் முழித்திருந்தான். அவனுடைய காட்டில் கரடிகள் குளிருக்குப் படுக்கிற வழக்கமில்லை. கடை நடக்க வேண்டுமே என்று அவனே அடுப்பு மூட்டினான், டீ போட்டான், கோப்பை கழுவினான், வாசலில் பனி வழித்தான். என்றைக்காவது ஒரு முயல் வந்து அரைக் கோப்பை குடித்துவிட்டுப் போகும்.

தை மாதம் குடியேற்ற அலுவலகத்திலிருந்து பனிமான் அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். கொம்பில் கோப்பு தொங்கியது.

"முதலாளி எங்கே?"

"நான்தானுங்க."

"கையில் என்ன?"

"துணிங்க. மேசை தொடச்சிட்டிருந்தேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். "மேசை துடைப்பது யாருடைய வேலை?"

"ஊவேயுதுங்க."

"அவர் எங்கே?"

சடையப்பன் மாவு மூட்டையைக் காட்டினான். அதிகாரி குனிந்து இலைக்குவியலில் காதை வைத்துக் கேட்டார். பணியில் உள்ளார் என்று எழுதினார். சரக்கு அறைக் கதவைத் திறந்து பார்த்து ஊர்சுலாவுக்கும் அதையே எழுதினார்.

"அவங்க ரெண்டு பேரும் தூங்குறாங்களே, சார்."

"உள்ளூர்க்காரர் குளிர்காலத்தில் தூங்குவார். அது இந்த நாட்டு முறை. அவர் தூங்கும் நேரத்தில் நீங்கள் மேசை துடைப்பது உள்ளூர்க்காரரின் வேலையைப் பறிப்பது. மூன்றாவது விதி."

"அப்ப நான் என்னங்க பண்ணணும்?"

"நிர்வாகம்."

"தூங்கறவங்களை எப்படிங்க நிர்வாகம் பண்றது?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. சற்று யோசித்தார். "இங்கே மற்ற முதலாளிகள் எல்லோரும் பக்கத்து அறையில் தூங்கி நிர்வாகம் செய்கிறார்கள். கடையும் நன்றாகவே நடக்கிறது," என்றார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அடுத்த குளிர்காலத்திலும் முதலாளி வேலை செய்து பிடிபட்டால் விசா ரத்து.

அன்றைக்குச் சடையப்பன் போனில் கருப்பாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னான்.

"தூங்கச் சொல்றாங்களா?"

"ஆமா புள்ள."

"தூங்கறதுக்கா பாறையை வித்துட்டுப் போனீங்க?"

பின்னால் குட்டி ஏதோ மழலையில் கத்துவது கேட்டது. சிக்னல் போய்விட்டது.

சித்திரையில் ஊர்சுலா எழுந்து மேலங்கி மாட்டியதும் அவளிடமே போய், தூங்கக் கற்றுக்கொடு என்று கேட்டான். முதலாளி ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று அவள் நினைத்தாள். இல்லை என்று தெரிந்ததும் சொல்லிக்கொடுத்தாள்.

"இரண்டே காரியம்தான். நிறையத் தின்ன வேண்டும். கவலைப்படக்கூடாது."

முதல் காரியம் எளிதாக இருந்தது. கோடை முழுக்கத் தின்றான். முக்காலி உடைந்தது. இரண்டாவதற்குத்தான் வழி தெரியவில்லை. பாறையை விற்றாயிற்று, குட்டி வளர்கிறது, கருப்பாத்தாள் இப்போதெல்லாம் போனில் நாலு வார்த்தைதான் பேசுகிறாள். கவலைப்படக்கூடாது என்று நினைக்க நினைக்க, படவேண்டிய கவலை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

அடுத்த முதல் பனியன்று மூன்று பேரும் படுத்தார்கள். இரண்டு பேர் தூங்கினார்கள். சடையப்பன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். ஒரு மாதம் போனது. ஊர்சுலா மூச்சை இழுத்து விடும் இடைவெளியைக் கேட்டுக் கேட்டு அதே தாளத்தில் குறட்டை விடப் பழகினான். யார் பார்த்தாலும் தூக்கம் என்றுதான் சொல்வார்கள்.

தை மாதம் ஒரு மதியம் அதிகாரி வந்தார். சடையப்பன் கண்ணை மூடிக் குறட்டையைத் தொடங்கினான். அதிகாரி இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

அப்போது போன் அடித்தது.

அந்த நம்பர் கருப்பாத்தாளிடம் மட்டும்தான் இருந்தது. குளிர்காலத்தில் கூப்பிடாதே என்று அவன் சொல்லியிருந்தான். அதை மீறிக் கூப்பிடுகிறாள் என்றால் சாதாரண விஷயமாக இருக்காது. பதினோரு தடவை அடித்து நின்றது. மறுபடி அடித்தது. குட்டிக்குக் காய்ச்சலோ, வலையில் கிலையில் மாட்டிக்கொண்டதோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது. கம்பளிக்குள் அவன் நகம் உள்ளங்கையில் ஏறியது. குறட்டையை மட்டும் அவன் விடவில்லை. மூன்றாம் தடவையும் அடித்து ஓய்ந்தது.

அதிகாரி எழுந்தார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நிரந்தரக் குடியுரிமைத் தாளை அவன் நெஞ்சின்மேல் வைத்து, பறக்காமலிருக்க மேலே ஒரு டீக்கோப்பையையும் வைத்துவிட்டுப் போனார். குளம்புச் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகுதான் சடையப்பன் கண் திறந்தான். தாளைப் படிக்கவில்லை. போனை எடுத்தான்.

"என்ன புள்ள ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. தூங்கிட்டிருந்தீங்களா?"

"ஆமா."

"பூவரசி மரம் ஏறிட்டா. தானா. உச்சிக் கிளைல உக்காந்துட்டு, அப்பாகிட்டச் சொல்லுன்னா. அதான் கூப்பிட்டேன்."

"இப்ப மேல இருக்காளா?"

"இறங்கிட்டாளுங்க. இப்பத் தூங்கறா."

எந்த மரம் என்று கேட்டான். நம்பரைச் சொன்னாள். அனுமதி வாங்கியிருக்கவில்லை. அப்புறம்தான் தாள் கிடைத்துவிட்டதைச் சொன்னான். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதே கண் செருகியது. கவலை தீர்ந்திருந்தது. சித்திரை வரைக்கும் எழவில்லை.

வைகாசியில் கருப்பாத்தாளும் பூவரசியும் வந்து சேர்ந்தார்கள். குட்டிக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. ஊர்சுலாவின் முதுகில் ஏறிக்கொண்டு, இதுதான் அப்பாவா என்று கேட்டது. பழக ஒரு கோடை ஆனது. வரும் குளிர்காலம் முழுக்க உன்னோடு முழித்திருந்து பனியில் விளையாடுவேன் என்று சடையப்பன் அவளுக்கு வாக்குக் கொடுத்தான். இனி அவன் தூங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கார்த்திகை வந்தது. முகத்தில் தண்ணீர் அடித்துப் பார்த்தான். நின்றுகொண்டே இருந்து பார்த்தான். மூன்றாம் நாள் நின்றபடியே தூங்கிப்போனான். தாயும் மகளும் இழுத்துக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

கருப்பாத்தாளுக்குத் தூக்கம் வரவில்லை. விதித்தாளை எடுத்துப் படித்தாள். முதலாளியின் மனைவி வேலை செய்யக்கூடாது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. கடையைத் திறந்தாள். குளிர்காலத்தில் முழித்திருக்கும் மான், முயல், ஓநாய் எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் திறந்திருந்த கடை அது ஒன்றுதான். பனிமான் அதிகாரியும் வாடிக்கையாக வந்து இரண்டு கோப்பை குடித்தார். மாசி மாதத்தில் பக்கத்து ஊரில் கிளை திறந்தாள்.

பூவரசியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் கருப்பாத்தாள் தூக்கம் என்று எழுதினாள். விவரமாக எழுதவும் என்று அது திரும்பி வரவில்லை.

நீதி: விழித்திருப்பவருக்குத் தொழில் நடக்கும். தூங்குகிறவருக்கு விசா கிடைக்கும். இரண்டும் வேண்டும் என்கிறவர் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்.